அட்டையின் ஐந்தாவது கட்டம்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஆ அக்கா. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கிற நர்ஸ் அவள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வாய், கூட்டம் அதிகமென்றால் நூற்றெண்பது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு "ஆ காட்டு கண்ணு". சாயங்காலம் அவளுக்குத் தொண்டை கட்டிவிடும். "வீட்டுக்குப் போனா வாயைத் திறக்கவே பிடிக்கல" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல அட்டையில் எழுதுகிறவள் நான். எனக்குப் பேனா என்று பெயர் வைத்தது அவள்தான். பன்னிரண்டு வருஷமாக நாங்கள் இருவரும் ஒரே வேனில், ஒரே சீட்டில், ஒருவர் தோளில் ஒருவர் தூங்கி விழுந்து கொண்டிருக்கிறோம்.

வேலை பெரிய வேலை இல்லை. அது முடிவதும் இல்லை, அதுதான் பிரச்சினை. குட்டி நாற்காலியில் பிள்ளை உட்காரும். அக்கா குனிந்து, இடது கையால் தாடையைப் பிடித்து, வலது கையில் இருக்கும் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்ப்பாள். "சொத்தை ரெண்டு. ஈறு சரி. வரிசை நெருக்கம். கடி சரி. அடுத்து." நிமிர மாட்டாள். நிமிர்ந்தால் மறுபடி குனிய வேண்டுமே, அந்தச் சோம்பல். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டதென்று டாக்டர் பட்டை ஒன்று கொடுத்திருந்தார். அதைக் கைப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். கழுத்துக்கு வாங்கியது மடிக்குத்தான் உபயோகப்பட்டது.

அட்டையில் ஐந்து கட்டங்கள். சொத்தை, ஈறு, பல்வரிசை, மேல் பல்லும் கீழ்ப்பல்லும் சேர்கிற கடி, கடைசியாக மூச்சு. அந்தக் கடைசிக் கட்டத்தில் மூக்கு, வாய் என்று இரண்டு சொல் அச்சடித்திருக்கும். பிள்ளை எதனால் மூச்சு விடுகிறதோ அதில் ஒரு டிக். எப்போதும் வாயால் மூச்சு விடுகிற பிள்ளைக்கு மேல்தாடை குறுகி வளரலாம், பல் நெருக்கியடிக்கும், ராத்திரித் தூக்கம் துண்டு துண்டாகும், ஏழு வயதில் கண்டுபிடித்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்று ஆரம்பத்தில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. நான் பாதி தூங்கினேன். அக்கா முழுசாகத் தூங்கினாள்.

முதல் மாதம் நான் ஒழுங்காகக் கேட்டேன். "அக்கா, அஞ்சாவது?"

அவள் அடுத்த தாடையைப் பிடித்தபடி, "மூக்குன்னு போடு. நல்லாத்தானே மூச்சு விடுறான்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்டுத்தான் என்ன? 'ஆ' என்று வாயைப் பிளக்கச் சொல்லிவிட்டு, இந்தப் பிள்ளை வாயைத் திறந்து வைத்திருக்கிறதா என்று எவளால் பார்க்க முடியும்? கட்டத்தைக் காலியாக விட்டால் அலுவலகத்தில் அட்டையைத் திருப்பி அனுப்புவார்கள். அதனால் காலையில் வேனில் போகும்போதே கட்டு முழுக்க மூக்கு, மூக்கு, மூக்கு என்று டிக் போட்டுவிடுவேன். வேன் குலுங்கினாலும் கோணாமல் போடுகிற அளவுக்குக் கை பழகிவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் புருஷனுக்குக் குளிர்கிடங்கில் ராத்திரி வேலை. காலையில் அவர் உள்ளே வர, இவள் வெளியே போக, வாசற்படியில் பிள்ளையைக் கைமாற்றிக்கொள்கிற குடும்பம். அவர் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து படுப்பார். ஒரே பெண், இரண்டாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு மில்லு என்று செல்லப்பெயர். படுத்தால் குறட்டை அப்படி. மாவு மில் ஓடுகிற மாதிரி இருக்கும் என்று அவள் அப்பாதான் வைத்தார். நான் போனால்கூட, "என்ன மில்லு, நேத்து எத்தனை மூட்டை அரைச்சே?" என்று கேட்பேன். அது வெட்கப்பட்டுச் சிரிக்கும். குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறது என்றுதானே நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த வருஷம் பாதியில் பள்ளிக்கூடத்திலிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. பிள்ளை வகுப்பில் தூங்குகிறது. எழுப்பினால் முழிக்கிறது, சொன்னது எதுவும் மனதில் நிற்கவில்லை. இப்படியே போனால் மறு வருஷமும் இரண்டாம் வகுப்பிலேயே உட்கார வைக்க வேண்டியிருக்கும். பெற்றோர் கவனிக்கவும்.

அந்தக் கடிதம் அக்காவைக் கரைத்துவிட்டது. அவள் அதிகம் படிக்க முடியாமல் போனவள். தங்கச்சிகளை வளர்க்கப் படிப்பை நிறுத்தியவள், பிறகு சம்பாதித்துக்கொண்டே நர்ஸ் படிப்பைப் படித்து முடித்தவள். தன் பெண் ஒரு வகுப்பில் தங்கிவிடுவது அவளுக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. "நான் வீட்டுல இல்ல, அதான் கெட்டுப்போச்சு" என்றாள் வேனில். "சோம்பேறித்தனம். அவங்க அப்பா செல்லம்." அன்றிலிருந்து பிள்ளையை விடிவதற்கு முன்னாலேயே எழுப்பிப் பாடம் படிக்க வைத்தாள். அது உட்கார்ந்தபடியே தூங்கும். தண்ணீர் தெளிப்பாள். பிள்ளையும் களைத்தது, தாயும் களைத்தாள், ஒரு எழுத்து ஏறவில்லை.

வாரக்கணக்கில் இப்படி ஓடியது. ஒரு நாள் காலை வேனில் ஏறியவள் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"என்னக்கா?"

"அடிச்சுட்டேன், பேனா. கன்னத்துல."

"மில்லுவையா?"

"வாய்ப்பாடு சொல்லும்போதே கண்ணை மூடிட்டா. தூங்கலம்மா, கண்ணு தானா மூடுதுன்னு சொல்றா. எதிர்த்துப் பேசுறான்னு கோவம் வந்துருச்சு." கையைத் திருப்பிப் பார்த்து, "விரல் பதிஞ்சிருச்சு" என்றாள்.

நான் மடியில் இருந்த அட்டைக் கட்டில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். அன்றைக்குப் போய்க்கொண்டிருந்தது மில்லுடைய பள்ளிக்கூடத்துக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை அதுவும் எங்கள் பட்டியலில் வரும். போன வருஷம் மில்லு ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அக்காதான் அவள் பல்லையும் பார்த்தாள்.

போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கண்ணாடிப் பெட்டி வரவில்லை. கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த கண்ணாடிகளை அலுவலகத்து மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். டிரைவர் என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா கூரையைப் பார்த்தாள். டிரைவர் முனகிக்கொண்டே வேனைத் திருப்பினார். போய்வர முக்கால் மணி நேரம்.

இரண்டாம் வகுப்பு டீச்சர் நல்ல மனுஷி. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்து, எதையாவது வரையுங்கள் என்று விட்டுவிட்டார். அக்காவுக்குக் கரும்பலகைப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக அக்கா கையில் எதுவும் இல்லாமல், நிமிர்ந்து, ஒரு வகுப்பு முழுக்கச் சும்மா இருக்கிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வாசல் பக்கம் நின்று டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

"பேனா, இங்க வா."

குரல் ஒரு மாதிரியாக இருந்தது. போனேன்.

"ரெண்டாவது வரிசை, ஜன்னல் ஓரம்."

"நம்ம மில்லு."

"வாயைப் பாரு."

பார்த்தேன். மில்லு தலையைச் சாய்த்து வரைந்துகொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. உதடு காய்ந்து, கீழுதட்டில் ஒரு வெடிப்பு. கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. இடது கன்னத்தில் இன்னும் லேசாகச் சிவப்பு.

"நான் உட்கார்ந்ததுலேர்ந்து பாக்கறேன். ஒரு தடவைகூட மூடல" என்றாள் அக்கா. "முன்னாடி இருக்கற சிவப்பு ரிப்பன். அதுவும் அப்படித்தான். அந்தக் கடைசிப் பையன். மத்ததெல்லாம் மூடித்தான் வச்சிருக்கு, பாரு."

அந்த நேரம் மில்லு தலையைத் தூக்கிப் பார்த்தது. அம்மா தன்னையே பார்ப்பது தெரிந்ததும் அதற்குப் பயம் வந்துவிட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு, கை கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அதன் தோள் மேலேறியது. மூக்கு விடைத்தது, முகம் சிவந்தது. அது இறுக்கி மூடிக்கொண்டு தாக்குப்பிடித்தது. பிறகு முடியாமல் வாயைத் திறந்து, தண்ணீரிலிருந்து வெளியே வந்த மாதிரி மூச்சை இழுத்தது. இழுத்துவிட்டு, இருந்த இடத்திலிருந்தே மெல்லச் சொன்னது.

"நான் தூங்கலம்மா."

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அடித்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். கண்ணாடியையே பிழைப்பாக வைத்திருந்த எங்களுக்கு, அதை மறந்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் கண் தெரிந்தது.

"அட்டையைக் கொடு" என்றாள்.

கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். மற்ற நாலு கட்டமும் காலி, ஐந்தாவதில் மட்டும் வரிசையாக டிக்.

"இது எப்பப் போட்டது?"

"காலையில. வண்டியில."

"நான் பாக்கறதுக்கு முன்னாடியே?"

எனக்கும் கோபம் வந்தது. குற்றம் செய்தவளுக்குத்தானே கோபம் முந்திக்கொண்டு வரும். "நீங்க எப்பக்கா பார்த்தீங்க? பன்னிரண்டு வருஷத்துல ஒரு நாள் அஞ்சாவதைச் சொன்னீங்களா?"

அவள் டீச்சரிடம் போன வருஷத்து அட்டைகளைக் கேட்டாள். அலுவலகத்தில் பதிந்தபிறகு அட்டைகள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கும்; அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மில்லுடைய அட்டை கையில் வந்தது. சொத்தை இல்லை, ஈறு சரி, வரிசை சரி, கடி சரி. மூச்சு, மூக்கு. டிக் என்னுடையது. கீழே கையெழுத்து அவளுடையது.

"என் பிள்ளை, பேனா" என்றாள். அவள் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பிறகு நடந்தது எல்லாம் அலைச்சல். முதலில் பல்லுக்குக் கம்பி போடுகிற டாக்டர், அவர் அனுப்பி காது மூக்கு தொண்டை டாக்டர், எக்ஸ்ரே படம், மறுபடி பல் டாக்டர். நானும் கூடப் போனேன். போகாமல் வீட்டில் உட்கார முடியவில்லை. மில்லுக்கு வாயின் மேல் அண்ணம் உயர்ந்து குறுகியிருந்தது. மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து வழியைப் பாதிக்குமேல் அடைத்திருந்தது.

"ராத்திரி எப்படித் தூங்குறா?" என்று காது மூக்கு டாக்டர் கேட்டார்.

"அசந்து தூங்குவா டாக்டர். மில்லு ஓடுற மாதிரி" என்று அவள் அப்பா சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது தூக்கமே இல்லைங்க" என்றார் டாக்டர். "ராத்திரி பூரா மூச்சுக்குப் போராடிட்டு இருக்கு. பகல்ல தூங்காம என்ன பண்ணும்? சோம்பேறின்னு நினைச்சிருப்பீங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கழுத்து குனிவதற்கு மட்டும் எப்போதும் தயாராக இருந்தது. அந்த டாக்டர் எத்தனை பெற்றோரைப் பார்த்திருப்பார். அவரே தொடர்ந்தார்.

"ஏழு வயசுல கொண்டாந்திருக்கீங்க. இன்னும் நேரம் இருக்கும்மா."

சதையை எடுத்தார்கள். ஆறியபிறகு அண்ணத்தில் ஒரு சின்னக் கம்பிக் கருவி பொருத்தினார்கள். நடுவில் திருகு. தினம் ஒரு முறை குட்டிச் சாவியால் ஒரு திருப்பு திருப்ப வேண்டும், தாடை துளித்துளியாக விரியும் என்றார்கள். தினமும் காலையில் வாசற்படியில் கைமாற்றுவதற்கு முன்னால் அக்கா அதைத் திருப்பிவிட்டு வருவாள். பிள்ளைக்குப் பேச்சு கொஞ்ச நாள் குழறியது. எச்சில் வழிந்தது. ஆனால் மில் ஓடுவது நின்றுவிட்டது. முதல் நாள் சத்தம் இல்லாததால் பயந்து எழுந்து, பிள்ளையின் மூக்கில் கை வைத்துப் பார்த்ததாக அக்கா சொன்னாள்.

பள்ளிக்கூட விஷயம் மட்டும் சரியாகவில்லை. ஆபரேஷன், அலைச்சல் என்று பல வாரம் போய்விட்டது, விட்ட பாடமும் நிறைய. தலைமை ஆசிரியை மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் மில்லு இரண்டாம் வகுப்பிலேயே தங்கியது. அக்கா எந்த அவமானத்துக்குப் பயந்து பிள்ளையை அடித்தாளோ, அதையே தன் கையால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதற்கு முன்பே இன்னொரு காரியம் செய்தாள். மேலதிகாரியிடம் போய், எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் மறுபடி போக வேண்டும் என்றாள். அவர் கணினியில் தட்டிப் பார்த்தார்.

"எதுக்கும்மா? எல்லாக் கட்டமும் நிரம்பித்தானே இருக்கு. நூத்துக்கு நூறு. உங்க வண்டியைத்தான் மத்தவங்களுக்கு உதாரணமா காட்டுறோம்."

மறுபடி போக வேண்டுமென்றால், நிரப்பியது பொய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அக்கா வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். என் பெயரை எழுதவில்லை. படித்துப் பார்த்து, பேனாவை வாங்கி, 'குறியிட்டது நான்' என்று கீழே நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள். இருவருக்கும் மெமோ வந்தது. கூடுதல் நாள் கிடையாது, உங்கள் தவறை உங்கள் நேரத்திலேயே சரி செய்துகொள்ளுங்கள் என்று உத்தரவும் வந்தது.

ஒரு நாளைக்கு இரண்டு பள்ளிக்கூடம் என்று ஓடினோம். எதற்கும் ஒரு தொழில் தந்திரம் வேண்டுமே, எங்களுடையது வெறும் தாள்தான். டீச்சர் பிள்ளைகளுக்கு வரையக் கொடுப்பார். அக்கா ஜன்னலுக்கு வெளியே, பிள்ளைகள் கண்ணில் படாமல் நின்று பார்ப்பாள். அதற்கப்புறம்தான் மாஸ்க், கையுறை, கண்ணாடி, ஆ. வாயால் மூச்சு விடுகிறவர்கள் வகுப்புக்கு நாலைந்து பேர் தேறினார்கள். பாதிக்கு வெறும் சளி. மீதியை டாக்டரிடம் அனுப்பினோம். முந்தைய வருஷங்களில் நாங்கள் டிக் போட்டு அனுப்பிய பிள்ளைகள் பெரிய வகுப்புகளில் இருந்தார்கள். நடைபாதையில் அவர்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது அக்கா ஒவ்வொரு வாயாகப் பார்ப்பாள். அவர்கள் எங்கள் பட்டியலில் இல்லை. அவர்களுடைய டீச்சர்களிடம் சொல்லி வைப்பது தவிர எங்களால் ஒன்றும் முடியவில்லை. அந்தப் பாரம் இறங்கவில்லை. இறங்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

மறு வருஷம் பட்டியலில் மில்லுடைய பள்ளிக்கூடம் வந்தது. அதே வகுப்பு, அதே டீச்சர், பிள்ளைகள் மட்டும் வேறு. அவர்களுக்கு நடுவில் ஒரு தலை உயரமாக மில்லு. கம்பிக் கருவியைக் கழற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் அன்றைக்கு வருவது அதற்குத் தெரியாது, அக்கா வீட்டில் சொல்லவில்லை.

டீச்சர் தாள் கொடுத்தார். அக்கா ஜன்னலோரம் நின்றாள். நான் பக்கத்தில் அட்டைக் கட்டோடு நின்றேன். ஐந்தாவது கட்டம் எல்லாவற்றிலும் காலி. மற்றப் பிள்ளைகளை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மூக்கு. மூக்கு. அந்தக் கோடு போட்ட சட்டை, வாய். மூக்கு. மில்லுடைய அட்டை கடைசி.

மில்லு ஏதோ வீடு வரைந்துகொண்டிருந்தது. கூரைக்குச் சிவப்புப் பூசியது. தப்பாகப் போய்விட்டது போல, ரப்பரால் தேய்த்தது, தூசியைத் தட்டியது, பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்த்தது. கீழுதட்டு வெடிப்பு ஆறியிருந்தது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கால் வலித்தது. "அக்கா, அடுத்த வகுப்பு காத்திட்டிருக்கு. இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு வேற போகணும்."

"இரு, பேனா."

"அதான் பார்த்தாச்சே."

"யாரும் பாக்காதப்பவும் மூடியிருக்கான்னு பாக்கணும்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்துப் பட்டை போட்டிருந்தாள், ஒரு வழியாக. உள்ளே மில்லு கூரையை மறுபடியும் பூசி முடித்து, தாளைத் தூக்கிப் பிடித்துத் தானே பார்த்துக்கொண்டது. அதற்குப் பிடித்திருந்தது போல. வாய் மூடியபடியே சிரித்தது.

"மூக்கு" என்றாள் அக்கா. "எழுது."

எழுதினேன். நின்ற இடத்தில், குலுக்கல் எதுவும் இல்லாமல் போட்டும் டிக் கோணிவிட்டது. அதற்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள்.